வட சென்னைக்காரருக்குப் பள்ளத்தாக்கு உண்டா? கொசஸ்தலையாற்றைத் தேடிப் போனது

ஜனவரி 4, மாலை (வியாசர்பாடியிலிருந்து ஒருவர் கேட்டது)

பொங்கல் லீவில் பிள்ளைகளை ஆறு, காடு, பறவை என்று எங்கேயாவது கூட்டிப் போகணும். ஏலகிரி, ஏற்காடு என்றால் தங்க வேண்டியிருக்கும், செலவு தாங்காது. காலையில் கிளம்பினால் ராத்திரி வீடு திரும்பணும். நம்ம பக்கம் பார்த்தால் எண்ணூர் வரைக்கும் குழாயும் கன்டெய்னர் லாரியும்தான். "வட சென்னைக்காரனுக்குப் பள்ளத்தாக்கு ஏது?" என்கிறான் என் மச்சான். அவன் சொல்வது சரிதானா?

ஜனவரி 4, இரவு 9:50

சரியில்லை. நமக்கும் இருக்கிறது. கொசஸ்தலையாறு, எண்ணூரில் கடலில் கலக்கிற ஆறு.

நான் கத்திவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். திருவள்ளூர் பக்கத்தில் இந்த ஆற்றில் கட்டிய பூண்டி அணையின் பெயரை மழைக்காலத்தில் மட்டுமே கேட்டிருக்கிறேன். "பூண்டியில் தண்ணீர் திறந்தாச்சு, கரையோரம் இருக்கிறவங்க மேட்டுக்குப் போங்க" என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள். வெள்ளிவாயல், இடையஞ்சாவடி, சடையங்குப்பம் பக்கத்து ஜனங்கள் மூட்டை கட்டுவார்கள். டிவியில் கன அடி கணக்கு ஓடும். நாற்பது வயது வரைக்கும் அந்த ஆறு எனக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்தான். எங்கிருந்து வருகிறது, வருகிற வழியில் என்ன இருக்கிறது என்று யோசித்ததே இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்திருந்த நேரத்தில், முதல்முறையாகப் பூண்டி அணைக்கரையில் போய் நின்றேன். அன்றிலிருந்து வருஷம் ஒருமுறையாவது போகிறேன். மேலே பூண்டியிலிருந்து சீத்தஞ்சேரிக் காடு வரைக்கும் உள்ள பகுதியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கீழே முகத்துவாரம் வேண்டாம். அங்கே பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

ஜனவரி 5, காலை

பள்ளத்தாக்கு என்றால் ரெண்டு பக்கமும் மலை வேணாமா என்று ஒரு கேள்வி. சினிமாவில் பார்ப்பது மாதிரி வேணும் என்றால் இது அது இல்லை. ஆறு அறுத்து, மண் கொட்டி, இடம் மாறி மாறி ஓடிய நிலம் இது. நம் ஊர்ப் பேச்சில் ஆற்றுப்படுகை என்போம். பூண்டிக்கு வடமேற்கே அல்லிக்குழி மலை இருக்கிறது. உயரம் அதிகம் இல்லை, குன்று என்றே சொல்லலாம். ஆனால் காலை ஆறரைக்கு அணைக்கரையில் நின்றால் தண்ணீருக்குப் பின்னால் அந்த நீலக் கோடு தெரியும். எனக்கு அது போதும்.

ஜனவரி 6

போகிற வழி கேட்டவர்களுக்கு.

ரயில் என்றால், கும்மிடிப்பூண்டி லைனில் இருக்கிறவர்கள் பேசின் பிரிட்ஜில் இறங்கி திருவள்ளூர் வண்டிக்கு மாறுங்கள். திருவள்ளூரிலிருந்து பூண்டி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், பஸ் உண்டு. பூண்டி மட்டும் பார்க்க இது போதும். காட்டுப் பக்கமும் போகணும் என்றால் சொந்த வண்டி வேண்டும். செங்குன்றம், தாமரைப்பாக்கம் கூட்டு ரோடு, வெங்கல், சீத்தஞ்சேரி. சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. இந்த ரோட்டில் போனால் தாமரைப்பாக்கம் அணைக்கட்டையும் பார்த்துவிடலாம். சோழவரம் ஏரிக்கு அங்கிருந்துதான் தண்ணீரைத் திருப்புகிறார்கள்.

தண்ணீர், சாப்பாடு, தொப்பி. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், கீழே முழுக்க உருட்டுக்கல். முக்கியமாக, ஆற்றில் பிள்ளைகளை இறக்காதீர்கள். முட்டிக்கால் ஆழம்தான் என்று தோன்றும். மணல் அள்ளிய பள்ளம் உள்ளே எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அப்படி ஒரு பிள்ளையை இழந்தது. நீச்சல் தெரிந்த பையன்.

ஜனவரி 12, இரவு 10:30

இன்று போய்வந்தோம். நான், தம்பி, அவன் பிள்ளைகள் ரெண்டு பேர். தம்பி ஆட்டோ ஓட்டுகிறவன், அவன் வண்டியிலேயே. விடிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். உடம்பெல்லாம் வலி, ஆனாலும் எழுதிவிட்டே தூங்கணும்.

பூண்டியில் இந்த வருஷம் தண்ணீர் நல்லா நிற்கிறது. 1944-ல் கட்டி முடித்த அணை. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயர்தான் இன்றும் இருக்கிறது. முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, உயரம் 35 அடி. 1996 முதல் ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாக ஊத்துக்கோட்டை தாண்டி வரும் கிருஷ்ணா தண்ணீரும் இதில்தான் சேருகிறது. இந்தத் தண்ணீர்தான் செங்குன்றம் வழியாக நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது என்று பெரியவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவள், "அப்ப நம்ம வீட்டு பக்கெட்டு தண்ணி இங்க இருந்துச்சா அத்த?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். குனிந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள்.

கரையோரச் சேற்றில் நத்தைகுத்தி நாரை பத்துப் பதினைந்து நின்றன. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும், நத்தையைப் பிடிக்க அது வசதி. ஒன்று எங்களுக்கு இருபதடி தூரத்தில் சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவியது. ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை. அப்புறம் தலையைத் தூக்கியபோது அலகில் கருப்பாக ஒரு நத்தை. ஓட்டை உடைக்கவில்லை. நுனியால் மூடியை நெம்பி, உள்ளே இருந்த சதையை மட்டும் உருவி விழுங்கிவிட்டு ஓட்டைக் கீழே போட்டது. சின்னவன் மூச்சே விடவில்லை. வீட்டில் ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்காராதவன்.

கூழைக்கடா நடுத்தண்ணீரில், எண்ண முடியாத தூரம். ஆள்காட்டிக் குருவி எங்களைக் கண்டதும் கத்திக்கொண்டே சுற்றி வந்தது. அணைப் பக்கத்தில் ஜிலேபி மீன் வறுத்து விற்கிறார்கள், சுடச்சுடச் சாப்பிட்டோம். விலை பேசிவிட்டு உட்காருங்கள்.

அப்புறம் சீத்தஞ்சேரி பக்கம் குடியம் என்ற ஊர். ஊரில் சொல்லிவிட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தோம். காப்புக்காடு, வனத்துறையிடம் கேட்காமல் போகக்கூடாது. வழி நெடுகக் கூழாங்கல், முள், சிவந்த மண். பிள்ளைகளோடு போனால் நேரம் பிடிக்கும்.

குகை என்கிறார்கள். உண்மையில் அது தலைக்கு மேல் கவிந்து நிற்கிற பெரிய பாறைக் கூரை. கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஒரே பாறை இல்லை. முட்டை அளவு, தேங்காய் அளவு, பூசணி அளவு உருண்டைக் கற்கள் ஆயிரக்கணக்கில், ஒன்றோடொன்று இறுகி ஒட்டி நிற்கின்றன. எல்லாம் வழுவழு. "இவ்ளோ கல்லையும் யாரு ஒட்டுனது?" என்றான் சின்னவன். ஆறு உருட்டிய கற்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஏதோ ஒரு வெள்ளம் உருட்டிக் கொண்டுவந்து குவித்து, மண்ணும் மணலும் நடுவில் இறுகிப் பாறையாகி, அப்புறம் மேலே உயர்ந்திருக்கிறது. பழைய ஆறு ஒன்று செங்குத்தாக எழுந்து நிற்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். ஒவ்வொரு முறையும் அங்கே போய்க் கையை வைப்பேன். வெளியே வெயில் காய்ந்தாலும் கல் குளிர்ச்சியாக இருக்கும்.

கூரையில் தேனடைகள் தொங்கின. புகை போடுவது, கத்துவது, கல் எறிவது எதுவும் கூடாது. எங்களுக்கு முன்னால் வந்த பசங்க ஸ்பீக்கரில் பாட்டு வைத்திருந்தார்கள். துணைக்கு வந்தவர் போய்ச் சொன்னதும் நிறுத்தினார்கள். தேனீ கலைந்தால் ஓட இடம் கிடையாது.

பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகம், அதாவது பழைய கல் கருவிகளை வைத்திருக்கிற மியூசியம், பார்க்க நேரம் இல்லை. வீட்டுக்கு வர ராத்திரி எட்டாகிவிட்டது.

ஜனவரி 13, போகி

காலையில் சின்னவனின் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் ஒரு கல். கையளவு, ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் உடைந்து கூராக. குடியம் ஓடையில் எடுத்தானாம். "அத்த, கோடரி" என்றான். ஆட்டோவில் வரும்போது நான்தான் அந்தக் கதையைச் சொன்னேன்.

அந்தக் கதை இதுதான். 1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் இந்தக் கொசஸ்தலைப் படுகையில் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார்கள். இங்கே குவியல் குவியலாகக் கிடைத்தது. பின்னால் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 1999 முதல் அங்கே தோண்டி, கீழ் மண் அடுக்கிலிருந்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-ல் வெளியிட்டது. மேல் அடுக்கில் உள்ள வேறு வகைக் கருவிகளுக்கு 3,85,000 ஆண்டு என்று 2018-ல் சொன்னார்கள். கீழ் அடுக்குக் கருவிகளைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள் இல்லை, அதற்கும் முந்தைய மனித இனம். குடியம் பாறையிலிருந்து உதிர்ந்து ஓடையில் உருண்டு வந்த அதே குவார்ட்சைட் கற்களை எடுத்துத் தட்டிச் செய்தார்கள்.

இப்போது அந்தக் கல் என் மேசை மேல் இருக்கிறது. மனசு சரியில்லை. தொல்பொருள் ஒன்று எந்த மண்ணில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் அதன் மதிப்பு. நம் வீட்டு ஷோகேஸில் வைத்தால் அது வெறும் கல். பிள்ளையைத் திட்டவும் மனசு வரவில்லை. ஆசையாகக் கேட்டுவிட்டு ஆசையாக எடுத்திருக்கிறான்.

ஜனவரி 14

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. ரெண்டு திருத்தம்.

ஒன்று. ஆறு பூண்டியில்தான் தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன் போலத் தெரிகிறது. பூண்டிக்கு மேலேயும் ஆறு நீளம். மொத்தம் 136 கி.மீ. ஆந்திரப் பக்கத்திலிருந்து நகரியாறு வந்து சேருகிறது, நந்தியாறும் சேருகிறது. கேசவரம் அணைக்கட்டில் இதிலிருந்து பிரிந்து போகிற தண்ணீர்தான் கூவம். கூவமும் நம் ஆறும் அக்கா தங்கை.

ரெண்டு. "பெரியபாளையத்தில் ஆடி மாதம் வேப்பிலை கட்டிக்கொண்டு குளித்தது இந்த ஆறுதானே" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். இல்லைக்கா. பவானியம்மன் கோயில் கரையில் ஓடுவது ஆரணியாறு. அது பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. நானும் ரொம்ப நாள் ரெண்டையும் குழப்பிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 15

பூநாரை பார்க்கப் பழவேற்காடு போகலாமே என்பவர்களுக்கு: தாராளமாகப் போங்கள், தை மாசிதான் நேரம். அதைத் தனியாக எழுதணும், இதில் சேர்க்க வேண்டாம்.

ஜனவரி 15, இரவு

தூக்கம் வரவில்லை. எங்கள் ஆயா சொன்ன கதை ஒன்று இந்த ஆற்றோடு சேருவது இன்றுதான் உறைத்தது.

திருவொற்றியூர்க் கோயில் மகிழ மரம் தெரியும் இல்லையா. சுந்தரர் சங்கிலியாரை மணப்பதற்கு முன்னால், உன்னைப் பிரிய மாட்டேன் என்று அந்த மரத்தடியில் சத்தியம் செய்தார். மாசியில் மகிழடி சேவை நடப்பது அதற்குத்தான். அப்புறம் திருவாரூர் நினைப்பு வந்து ஊரைத் தாண்டினார், ரெண்டு கண்ணும் போனது. தட்டுத் தடுமாறி நடந்து வந்து திருவெண்பாக்கத்தில் நின்று கேட்டார். சிவன் கண்ணைத் தரவில்லை, ஒரு ஊன்றுகோலைத்தான் கொடுத்தார்.

அந்தத் திருவெண்பாக்கம்தான் பூண்டி. பழைய கோயில் இருந்த இடம் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. கோயிலை மேட்டில் எடுத்துக் கட்டினார்கள், ஊன்றீஸ்வரர் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோயில் வாசலைத் தாண்டித்தான் மீன் சாப்பிடப் போனோம், நான் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒற்றியூரிலிருந்து பூண்டிக்குப் பார்வை இல்லாமல் நடந்திருக்கிறார். நாங்கள் ஆட்டோவில் போய்விட்டு முதுகுவலி என்கிறோம்.

ஜனவரி 17

முதல் குறிப்பில் முகத்துவாரத்தில் "பார்க்க ஒன்றும் மிச்சமில்லை" என்று எழுதினேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சிவன்படைக்குப்பத்து மீனவத் தம்பி ஒருவர் அதைப் படித்துவிட்டு, "அக்கா, நாங்க அங்கதான் தொழில் பண்றோம்" என்று ஒரே வரி எழுதியிருந்தார். சுருக்கென்றது. என் வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை, நான் போய் வெகு நாள் ஆகிறது. மேலே போய் ஆற்றைக் கொண்டாடிவிட்டு, நம் வீட்டு வாசலில் முடிகிற ஆற்றைப் பார்க்க ஒன்றுமில்லை என்று சொன்னது தப்பு.

நேற்று காணும் பொங்கல். கடற்கரையெல்லாம் கூட்டம். நான் காலையிலேயே பக்கத்து வீட்டு அண்ணனின் ஃபைபர் படகில் கழிமுகத்துக்குள் போனேன்.

ரயில்வே பாலம் தாண்டியதும் அடியில் சேறு சாம்பல் நிறம். கையில் எடுத்துத் தேய்த்தேன். மாவு மாதிரி வழுக்கியது, மண்ணின் நரநரப்பு இல்லை. அனல் மின் நிலையச் சாம்பல், வருஷக் கணக்காகப் படிந்தது. "கோலு ஒரு ஆள் ஆழம் எறங்கின எடம் இது, இப்ப பாரு" என்று அண்ணன் துடுப்பை ஊன்றிக் காட்டினார். முழங்கை வரைக்கும்தான் இறங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிந்ததே, அந்தக் கருப்புக் கோடு அலையாத்திச் செடிகளின் தண்டில் இன்னும் சில இடங்களில் தெரிகிறது. அண்ணன் அந்த மாதம் வலை ரெண்டைத் தூக்கிப் போட்டார். கூழைக்கடாக்கள் வயிறு கருத்துக் கரையில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். அதற்கப்புறம்தான் நான் இந்தப் பக்கம் வருவதை நிறுத்தினேன். பார்க்கத் தெம்பில்லை. அதைத்தான் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டேன்.

ஆனால் இருக்கிறது. நெடுங்கால் உள்ளான் சிவப்புக் காலை எடுத்து வைத்து நடந்தது. செம்பருந்து ரெண்டு. தண்ணீர் வற்றும் நேரம், இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு இருளர் அம்மா குனிந்து, ரெண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போனார். பல்லில் கவ்விய பறி, இறால் போடுகிற கூடை, முகத்துக்குக் கீழே தொங்கியது. கை அகப்பட்ட இறாலை அப்படியே பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி தடவினார். கண் தண்ணீரைப் பார்க்கவே இல்லை, எங்கேயோ தூரத்தில் இருந்தது. எல்லாம் விரலில்தான். படகு கிட்டப் போனதும் பறியை வாயிலிருந்து எடுத்து, "இன்னாம்மா அப்டி பாக்குற, எறால் வோணுமா?" என்றார். கால் கிலோ வாங்கினேன். சின்ன இறால், பச்சைச் சாயல். மதியம் கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். ஆயா காலத்து ருசி அப்படியே இருந்தது என்று சொல்ல மாட்டேன். நல்லா இருந்தது.

இங்கே யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடலாம் என்பதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. ஊருக்கு ஊர் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். படகில் போகிறவர்கள் விரித்த வலையில் குறுக்கே போகாதீர்கள், ஓட்டுகிறவர் சொல்கிற வழியில் போங்கள்.

ஜனவரி 18

வியாசர்பாடிக்காரர் மறுபடி கேட்கிறார்: பிள்ளைகளை எங்கேதான் கூட்டிப் போவது, மேலேயா கீழேயா? ரெண்டுக்கும். ஒரே நாளில் வேண்டாம். ஒரு ஞாயிறு பூண்டி, இன்னொரு ஞாயிறு முகத்துவாரம். நடுவில் நாப்பாளையம் பாலத்தில் ஒருமுறை வண்டியை ஓரமாக நிறுத்திக் கீழே பாருங்கள். மேலே பார்த்த தண்ணீர் எந்த நிறத்தில் நம் ஊருக்குள் வருகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். பதில் சொல்ல நானும் இருக்கிறேன், நீங்களும் இருங்கள்.

பிப்ரவரி 1, இரவு

கல் விஷயம் முடிந்தது. சின்னவனையும் கல்லையும் கூட்டிக்கொண்டு பூண்டி அகழ்வைப்பகத்துக்குப் போனேன், இந்தத் தடவை ரயிலும் பஸ்ஸும். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகக் கைக்கோடரிகள், சொட்டு விழுகிற வடிவத்தில். அங்கே இருந்தவரிடம் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். கல்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆள் தட்டி உடைத்த கல்லில் அடி விழுந்த இடத்துக்குக் கீழே சின்ன மேடு இருக்கும், அதைச் சுற்றி அலை அலையாகக் கோடு பரவும், அடுத்தடுத்து ரெண்டு பக்கமும் சில்லு எடுத்த தடம் இருக்கும் என்று பெட்டியிலிருந்த ஒன்றைக் காட்டிச் சொன்னார். சின்னவனின் விரலைப் பிடித்து அவன் கல்லின் உடைந்த பக்கத்தில் தடவ வைத்தார். மேடு இல்லை. வெள்ளத்தில் மோதித் தானாக உடைந்தது.

அவனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி, அதே சமயம் கொஞ்சம் ஏமாற்றமும்தான். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் என்றார். அங்கிருந்து ஒரு ஆட்டோ பேசிக் குடியம் போனோம். ஊரில் கேட்டுக்கொண்டு, ஓடை வரைக்கும் மட்டும் நடந்தோம். மூன்று வாரத்தில் ஓடை இன்னும் வற்றியிருந்தது. எடுத்த இடம் அவனுக்குச் சரியாக ஞாபகம் இருந்தது, ஒரு காரைச் செடிக்குக் கீழே. வைத்துவிட்டு எழுந்திருக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் தடவி, மேடு இருக்கிறதா என்று பார்த்து, அதே இடத்தில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தான். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.